திரும்புகிறோம் என்றார்கள், ஆற்றில் பாலம் கிடந்தது: 2022 பிப்ரவரி, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி 15. பயிற்சி முடித்த சில படைப்பிரிவுகள் முகாம்களுக்குத் திரும்பத் தொடங்கிவிட்டன என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பேச்சாளர் இகோர் கொனஷென்கோவ் அறிவித்தார். மறுநாள் டாங்கிகளை ஏற்றிய ரயில் ஒன்று கிரைமியா பாலத்தைக் கடக்கும் வீடியோவையும் வெளியிட்டார்கள். அறிவிப்பு வந்த அதே 15-ஆம் தேதி எடுத்த ஒரு செயற்கைக்கோள் படத்தில் வேறொரு பாலம் தெரிந்தது. ரஷ்யாவின் கூட்டாளியான பெலாருஸில், உக்ரைன் எல்லைக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் வடக்கே, பிரிப்யாத் ஆற்றின் குறுக்கே ராணுவ மிதவைப் பாலம் ஒன்று புதிதாக முளைத்திருந்தது.

வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் எதற்காக எல்லையோர ஆற்றில் பாலம் போடுகிறார்கள்?

அடுத்த நாள் படத்தில் அந்தப் பாலத்தைக் காணவில்லை. போட்டதைவிட எடுத்ததுதான் எனக்கு அதிகம் சொல்கிறது. ஒரு நாளுக்குள் போட்டு எடுக்க முடிகிறது என்றால் அந்தப் பொறியாளர் பிரிவு வேலையைக் கையில் பழகி வைத்திருக்கிறது, தேவைப்படும் இரவில் மறுபடி போடும் என்று பொருள். ஒன்பது நாளில் போர் தொடங்கிவிட்டது.

ஒரு ராணுவம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை யாருக்கும் கிடைக்கிற தகவலை மட்டும் வைத்துக் கணிக்க முடியுமா என்று கேட்டால், முதலில் இந்த நிகழ்வைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய படைக்குவிப்பு இவ்வளவு பேர் கண்முன்னால் இதற்கு முன் நடந்ததில்லை. பார்த்தவர்கள் சிலவற்றை மிகச் சரியாகப் படித்தார்கள், சிலவற்றை மோசமாகக் கோட்டை விட்டார்கள்.

எண்ணைத் தேடாதீர்கள்

தயார்நிலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் டெஃப்கான். 1959-இல் கொண்டுவந்த முறை. ஐந்து என்றால் சாதாரண நாள், ஒன்று என்றால் உச்சகட்டம். இணையத்தில் 'இன்றைய டெஃப்கான் இது' என்று எண் போடும் பக்கங்கள் நிறைய உண்டு. அமெரிக்க ராணுவம் நடப்பு எண்ணை வெளியே சொல்வதில்லை. ஆகவே அந்தப் பக்கங்களில் இருப்பது அவரவர் ஊகம், அவ்வளவுதான்.

ஆனால் எண்ணை மறைத்தாலும் அந்த எண் கிளப்பிவிடும் வேலைகளை மறைப்பது கஷ்டம். 1973 அக்டோபர் 24 நள்ளிரவை ஒட்டி, மத்திய கிழக்குப் போரின் நடுவே, அமெரிக்கப் படைகள் மூன்றாம் நிலைக்கு உயர்த்தப்பட்டன. 82-ஆவது வான்வழிப் பிரிவுக்கு எச்சரிக்கை போயிற்று, குவாமிலிருந்த பி-52 விமானங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விடிந்தபோது செய்தியாளர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நண்பகலில் வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் நிருபர்கள் முன் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான பேரை ராத்திரியில் எழுப்பிவிட்டு ரகசியம் காப்பது நடக்கிற காரியமா?

வேண்டுமென்றே காட்டியதும் உண்டு. 1962 கியூபா நெருக்கடியில் அமெரிக்க வான்படையின் மூலோபாயப் பிரிவு இரண்டாம் நிலைக்குப் போனபோது, அதன் தளபதி தாமஸ் பவர் தன் படைகளுக்கான செய்தியைச் சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாகவே ஒலிபரப்பினார். சோவியத் தரப்பும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்! ஆக, வெளியே தெரிகிற தயார்நிலையில் கசிந்தது எது, காட்டியது எது என்ற கேள்வி எப்போதும் கூடவே வரும். 2022-இலும் வந்தது.

ஆள் போனார்கள், வண்டி நின்றது

கதை 2021 வசந்தத்தில் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரலில் ரஷ்யப் படைகள் உக்ரைன் எல்லைப் பக்கமும் கிரைமியாவிலும் திரண்டன. வோரோனேஷ் நகருக்குத் தெற்கே பொகோனோவோ பயிற்சி மைதானத்தில் கூடார நகரமே எழுந்தது. ஏப்ரல் 22 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு பயிற்சி முடிந்தது, படைகள் திரும்பும் என்றார். உலகம் மூச்சு விட்டது.

படையினர் பலர் உண்மையாகவே திரும்பினார்கள். ஆனால் சைபீரியாவிலிருந்து வந்த 41-ஆவது படையின் கனரக வாகனங்கள் பொகோனோவோவிலேயே நின்றன. ஆளை விமானத்தில் ஓரிரு நாளில் கொண்டுவந்துவிடலாம். டாங்கியையும் பீரங்கியையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் ரயிலில் இழுக்க வாரக்கணக்கில் ஆகும். நேரம் பிடிக்கிற வேலையை முன்கூட்டியே முடித்துவைப்பதுதான் தயார்நிலையின் பாதி. 'திரும்பிவிட்டார்கள்' என்ற தலைப்புச் செய்தியோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். நின்ற வண்டிகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நவம்பர் 1 அன்று மாக்ஸார் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் நிறுவனத்தின் படங்கள் வெளிவந்தன. ஸ்மோலென்ஸ்க் பகுதியில் யெல்னியா என்ற சிற்றூர்ப் பக்கம் டாங்கிகளும் கவச வாகனங்களும் வரிசை வரிசையாக நின்றன. அது உக்ரைன் எல்லையிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர். உக்ரைனின் பாதுகாப்பு அமைச்சகமே அன்று, கூடுதல் படை நகர்வு எதையும் தாங்கள் பார்க்கவில்லை என்றது. ஓரிரு நாளில் அதே அமைச்சகம், எல்லை அருகே சுமார் 90,000 பேர் இருக்கிறார்கள் என்று அறிவித்தது. அரசாங்கம் மறுத்துவிட்டது என்பதற்காகப் படத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

ரயில் சொன்னது

செயற்கைக்கோள் படத்துக்குத்தான் புகழ் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அந்தக் குளிர்காலத்தில் பாதி வேலையைச் செய்தது ரயில்வே கேட்டில் நின்ற பொதுமக்களின் செல்போன்.

2019-இலேயே ரஷ்யா தன் படைவீரர்கள் பணியில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கத் தடைச் சட்டம் போட்டுவிட்டது. கிழக்கு உக்ரைனிலும் சிரியாவிலும் வீரர்களே போட்ட செல்ஃபிகளால் பட்ட பாடு அப்படி. ஆனால் கேட் திறக்கக் காத்திருக்கும் காரோட்டியை எந்தச் சட்டம் தடுக்கும்? முப்பது பெட்டி டாங்கி கடந்துபோகிறது, அவர் எடுத்து டிக்டாக்கில் போடுகிறார். பின்னணியில் நிலையத்தின் பெயரோ, ஒரு தண்ணீர்த் தொட்டியோ, தேவாலயக் கோபுரமோ இருந்தால் இடம் தெரிந்துவிடும். நிழலையும் பனியையும் வைத்து நேரத்தைக் குறுக்கலாம். ரஷ்ய ரயில் பெட்டி ஒவ்வொன்றிலும் எட்டு இலக்க எண் எழுதியிருக்கும். அந்த எண் வீடியோவில் தெளிவாகத் தெரிந்தால், சரக்குப் பெட்டி எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் போகிறது என்று சொல்லும் வணிகத் தரவுத்தளத்தில் ஆய்வாளர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். சரக்கு முதலாளிகளுக்காக உண்டாக்கிய வசதி அது. ருஸ்லான் லெவியேவ் தொடங்கிய கான்ஃபிளிக்ட் இன்டெலிஜென்ஸ் டீம் என்ற ஆய்வுக் குழு இந்த வழியில் நிறைய உழைத்தது.

படமும் ரயிலும் ஏன் சேர்ந்தே வேண்டும் என்பதற்கு யெல்னியாவே சாட்சி. பிப்ரவரி தொடக்கத்துப் படங்களில் அங்கிருந்த வண்டிகளில் பெரும்பகுதியைக் காணவில்லை. படத்தை மட்டும் பார்த்தால் 'பின்வாங்கிவிட்டார்கள்' என்று எழுதிவிடலாம். ரயில் வீடியோக்களோ அவை தெற்கே, பிரியான்ஸ்க் பக்கம், எல்லையை நோக்கிப் போவதைக் காட்டின. காலி மைதானம் தன்னளவில் எதையும் சொல்வதில்லை. வண்டி அடுத்து எங்கே தலைகாட்டியது என்பதே கேள்வி.

ஜனவரியில் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலிருந்த படைப்பிரிவுகள் நாட்டின் அகலம் முழுவதையும் கடந்து பெலாருஸுக்கு வந்தன. காரணமாகச் சொன்னது 'நேச உறுதி 2022' என்ற கூட்டுப் பயிற்சி, பிப்ரவரி 10 முதல் 20 வரை. ஆள் எண்ணிக்கை, பெரிய ராணுவப் பயிற்சிகளை நாடுகள் ஒன்றுக்கொன்று முன்கூட்டிச் சொல்ல வைக்கும் உடன்பாடான வியன்னா ஆவணம் விதிக்கும் அளவுக்குள்தான் இருக்கும் என்றார்கள். அந்த ஆவணப்படி 9,000 பேருக்கு மேல் போனால் 42 நாள் முன்னதாக மற்ற நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும், 13,000 தொட்டால் பார்வையாளர்களை அனுமதிக்க வேண்டும். பிப்ரவரி 3 அன்று நேட்டோ தலைவர் ஸ்டோல்டன்பெர்க் சொன்ன கணக்கு 30,000 போர்வீரர்கள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எண்ணுவதில் வந்த பிழை என்று தள்ளிவிட முடியாது.

கப்பலும் ரத்தமும்

கடல் பக்கம் படிப்பது எளிதாக இருந்தது. ஜனவரி நடுவில் பால்டிக்கிலிருந்து கிளம்பிய ரஷ்யத் தரையிறக்கக் கப்பல்கள் டென்மார்க்கை ஒட்டிய நீரிணைகள், ஆங்கிலக் கால்வாய், ஜிப்ரால்டர் என்று ஐரோப்பாவையே சுற்றி வந்தன. வடக்குக் கடற்படையின் கப்பல்களும் சேர்ந்து மொத்தம் ஆறு. பிப்ரவரி 8, 9 தேதிகளில் அவை இஸ்தான்புல் நகரின் நடுவே பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து கருங்கடலுக்குள் நுழைந்தன. வேறு வழி கிடையாது. போர்க்கப்பல் கடக்க 1936-இன் மான்ட்ரோ ஒப்பந்தப்படி துருக்கிக்கு முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். கரையில் கேமராவோடு காத்திருக்கும் கப்பல் ஆர்வலர்கள் அங்கே எப்போதும் உண்டு. கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழமாக அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து, சுமை ஏற்றியிருக்கிறதா என்று சொல்லும் அளவுக்குக் கண் பழகியவர்கள்.

ஏன் அவ்வளவு முன்னதாக வந்தன? போர் என்று ஆகிவிட்டால் அந்தக் கதவைச் சாத்தும் உரிமை துருக்கிக்கு உண்டு. பிப்ரவரி 28 அன்று சாத்தியும் விட்டது. கதவு மூடும் முன் உள்ளே வருபவர், அது மூடப்படக்கூடும் என்று நினைக்கிறார்.

டாங்கியை எண்ணுவதைவிட டாங்கிக்குப் பின்னால் வருவதை எண்ணுவது நல்லது. டாங்கி பயிற்சிக்கும் வரும், மிரட்டலுக்கும் வரும். பெலாருஸின் ஒசிபோவிச்சி மைதானத்தில் பிப்ரவரியில் ஒரு கள மருத்துவமனை தெரிந்தது. ராணுவப் பயிற்சிகளில் மருத்துவமனையும் இடம்பெறுவது வழக்கம்தான், அதனால் அது மட்டும் போதாது. மிதவைப் பாலம், மருத்துவமனை, எரிபொருள் வண்டிகள், எல்லைக்கு மிக அருகே வந்து நிற்கும் ஹெலிகாப்டர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் சேரும்போது கதை மாறுகிறது. ஜனவரி இறுதியில், காயம்பட்டவர்களுக்கான ரத்தமும் எல்லைப் பக்கம் போவதாக அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி ஒரு செய்தி வந்தது. உக்ரைன் துணை அமைச்சர் மறுத்தார். சேமித்த ரத்தம் ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே சும்மா மிரட்ட நினைப்பவர் வீணாக்க விரும்பாத பொருள் அது. ஆனால் இது எந்தப் படத்திலும் தெரிகிற விஷயம் இல்லை. அதிகாரிகள் சொல்லித்தான் வெளியே வந்தது. 'பொதுத்தகவல்' என்று நாம் சொல்வதில் எவ்வளவு, அரசுகள் தாமாக எடுத்து மேசையில் வைத்தது என்பதை ஆய்வு எழுதும்போது மறந்துவிடக் கூடாது.

கடைசி மணிகள்

பிப்ரவரி 20, பயிற்சி முடிய வேண்டிய நாள். பெலாருஸ் பாதுகாப்பு அமைச்சர் விக்டர் ஹ்ரெனின், சோதனைகள் தொடரும் என்று அறிவித்தார். வாகனங்களில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய 'இசட்' அடையாளங்கள் அந்த நாட்களில்தான் வீடியோக்களில் தலைகாட்டின. இரு தரப்பும் ஒரே ரக வாகனம் ஓட்டும் போரில் தன் ஆளைத் தானே சுடாமல் இருக்க இப்படிக் குறி போடுவார்கள்.

24-ஆம் தேதி ரஷ்ய நேரப்படி அதிகாலை 3.15 வாக்கில், கலிபோர்னியாவிலுள்ள மிடில்பெரி ஆய்வு நிறுவனத்தின் ஜெஃப்ரி லூயிஸ் குழு கூகுள் மேப்ஸில் ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்தது. ரஷ்யாவின் பெல்கரோடிலிருந்து எல்லைக்குப் போகும் சாலையில், ஊர் அடங்கிய நேரத்தில், வாகன நெரிசல். முந்தைய நாள் எடுத்த ரேடார் செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் கவச வாகனங்கள் சாலையோரம் அணிவகுத்து நின்றதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ரேடார் படத்துக்கு மேகமும் இருட்டும் தடையில்லை. ஆகவே நெரிசலுக்கு உடனே பொருள் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் படைவீரர்களின் போன் காட்டியது இல்லை. படை போக வழிவிட்டு மறிக்கப்பட்டு நின்ற சாதாரணக் கார்களின் போன் காட்டியது. சில மணி நேரத்தில் புடின் தொலைக்காட்சியில் பேசினார். சில நாளில் கூகுள் உக்ரைனில் அந்த நேரலை வசதியை நிறுத்திவைத்தது.

எங்கே பிசகியது

இடம், அளவு, நேரம் மூன்றும் பெரிய அளவில் சரியாக வந்தன. பிப்ரவரி 18 அன்று அமெரிக்கா சொன்ன 1,69,000 முதல் 1,90,000 பேர் என்ற கணக்கை வெளி ஆய்வாளர்களின் வரைபடங்கள் பொய்யாக்கவில்லை.

பிசகியது இரண்டு இடத்தில். ஒன்று, நோக்கம். பிரெஞ்சு உளவுத்துறையிடமும் இதே படங்கள், இன்னும் அதிகமாகவே இருந்தன. இப்படி ஒரு படையெடுப்புக்கு ஆகும் விலை பயங்கரமானது, ஆகவே செய்ய மாட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. ராணுவ உளவுத் தலைவர் எரிக் விடோவின் பதவி மார்ச்சில் போயிற்று. ஜெர்மன் உளவுத் தலைவர் புரூனோ கால், போர் தொடங்கிய அன்று கீவ் நகரிலேயே இருந்து, தரைவழியே வெளியேற வேண்டிவந்தது. அவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 'இது முட்டாள்தனமான காரியம், செய்ய மாட்டார்கள்' என்ற வாதத்தின் முதல் பாதி சரியாகத்தான் இருந்தது.

வார்த்தைக்கும் நகர்வுக்கும் இடையே இதற்கு நேர்மாறான இடைவெளி பிப்ரவரி 27 அன்று வந்தது. நீண்ட மேசையின் மறுமுனையில் ஷோய்குவையும் ராணுவத் தலைமைத் தளபதி கெராசிமோவையும் உட்கார வைத்து, அணுப்படைகளைப் 'போர்ப்பணியின் சிறப்பு நிலை'க்குக் கொண்டுவரச் சொன்னார் புடின். உலகமே அதிர்ந்தது. மறுநாள் ஷோய்கு சொன்னதைப் படித்தால், கட்டளை மையங்களின் பணிமுறைகளில் கூடுதல் ஆட்களைப் போட்டிருந்தார்கள். நீர்மூழ்கிகள் கூட்டமாகத் துறைமுகம் விட்டுப் போகவில்லை, குண்டுவீச்சு விமானங்கள் சிதறவில்லை. தங்கள் நிலையை மாற்றும்படி எதையும் பார்க்கவில்லை என்றது பென்டகன். அதோடு, திட்டமிட்டிருந்த மினிட்மேன் என்ற அமெரிக்க அணு ஏவுகணையின் சோதனையையும் தள்ளிவைத்தார்கள், தவறாகப் படித்துவிடக் கூடாது என்று. இங்கே பேச்சு பெரிது, நகர்வு சிறிது. பிப்ரவரி 15-இல் நேர் எதிர். இரண்டு தடவையும் நகர்வைப் பார்த்தவர்களே சரியாகப் படித்தார்கள்.

இரண்டாவது பிசகுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அது தயார்நிலை என்ற சொல்லிலேயே இருக்கிறது. 72 மணி நேரத்தில் கீவ் விழும் என்ற பேச்சு வாஷிங்டனில் ஓடியது. வண்டியை எண்ணினோம், வண்டிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணவில்லை. ரஷ்யப் படையின் அடிப்படைச் சண்டைப் பிரிவான பட்டாலியன் தந்திரக் குழு என்றால் 600 முதல் 800 பேர் வரை என்று தாளில் இருக்கும். இவற்றில் பல காலாட்படை ஆள் குறைந்து வந்தவை என்பதை ராணுவ ஆய்வாளர்கள் மைக்கேல் கோஃப்மனும் ராப் லீயும் பின்னர் விரிவாக விளக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் பத்துக் கவச வாகனம் பத்துக் கவச வாகனம்தான். இறங்கிச் சண்டை போட ஆள் இல்லாவிட்டால் அது வெறும் வண்டி. கீவுக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நகராமல் நின்ற வாகனத் தொடரைச் செயற்கைக்கோள் துல்லியமாகக் காட்டியது. ஆனால் முதல் நாட்களில் அதை வலிமையின் அடையாளமாகத்தான் பலர் படித்தார்கள்.

இத்தனைக்கும் வழி காட்டும் தகவல் பொதுவெளியில் இருந்தது. 2021 நவம்பரிலேயே, அமெரிக்க ராணுவ அதிகாரி அலெக்ஸ் வெர்ஷினின், ரஷ்யப் படை ரயிலை நம்பி வாழ்கிற படை என்று எழுதியிருந்தார். ரயில் முனையிலிருந்து சுமார் 90 மைலுக்கு அப்பால் அதற்குத் தீனி போட லாரி போதாது என்பது அவர் போட்ட கணக்கு. டிக்டாக்கில் ரயில்களை இத்தனை நுட்பமாகத் தொடர்ந்த நாம், ரயில் நிற்கிற இடத்துக்கு அப்புறம் என்ன என்று அதே நுட்பத்தோடு கேட்கவில்லை. லாரியும் சக்கரமும் ரேஷன் பொட்டலமும் யார் கண்ணையும் இழுப்பதில்லை.

அப்புறம் மனநிலை. தாங்கள் போருக்குப் போகிறோம் என்பதே பல படைவீரர்களுக்குக் கடைசி வரை தெரியாது. இதற்கு எந்தப் படமும் கிடையாது. வீரர்களின் குடும்பங்கள் எழுதுவது, உள்ளூர்ச் செய்தி, ராணுவ நீதிமன்ற வழக்குகள் என்று சில்லறையாகச் சேர்க்க வேண்டிய தகவல் அது.

ரஷ்ய உளவு அமைப்பான எஃப்எஸ்பி இதைத் தெரிந்துதான் வைத்திருந்தது போலிருக்கிறது. யெல்னியா படங்கள் வெளியாவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2021 அக்டோபர் 1 அன்று, ஒரு பட்டியலை அது வெளியிட்டது. வெளிநாட்டுக்குப் பயன்படும்படி இவற்றைப் பற்றித் தகவல் திரட்டினால் 'வெளிநாட்டு முகவர்' முத்திரை விழும் என்றது. படைகள் எங்கே இருக்கின்றன, எத்தனை பேர், என்ன ஆயுதம், என்ன கொள்முதல் என்று அறுபது இனங்கள். ரகசியம் அல்லாத தகவல்களின் பட்டியல் அது. படையினரின் மனநிலையும் அதில் ஒரு வரியாக இருந்தது.